செங்கல்பட்டுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள்

அன்றைக்குக் காலை ஆறே காலுக்கு மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: நான், என் சம்சாரம் அம்சா, வழியனுப்ப வந்த அவளுடைய அண்ணன் ஏழுமலை, செங்கல்பட்டு பஸ்ஸின் டிரைவர், கண்டக்டர், நெத்திலி மீன் கூடையோடு ஒரு அம்மா, முதுகில் மூட்டை மாட்டிய இரண்டு வெள்ளைக்காரர்கள். இவர்களோடு பச்சைக் கலரில் ஒரு லேடீஸ் சைக்கிள். சைக்கிளைக் கூரை மேல் ஏற்ற வேண்டும் என்பதால்தான் கூட்டமில்லாத பஸ்ஸாகப் பார்த்து வந்திருந்தோம்.

கண்டக்டர் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னாய்யா இது?"

"சைக்கிள் சார்."

"அது எனக்கும் தெரியுது. எங்க இட்டுகினு போற?"

"இன்டர்வியூக்கு சார்."

"யாருக்கு, சைக்கிளுக்கா?"

ஏழுமலை மச்சான் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லக்கேஜ் டிக்கெட் போட்டால்தான் ஏற்றுவேன் என்று கண்டக்டர் சொன்னதும் உடனே காசை நீட்டினேன். என் சுபாவம் அப்படி. யாராவது பேரம் பேசினால் கூட, பஸ் போய்விடுமோ என்று நான் டிரைவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். அம்சா எட்டாவது பாஸ். பதினெட்டு வயசில் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவைத்தாள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ரினிவல். ஒரு தடவை விட்டாலும் சீனியாரிட்டி போய்விடும் என்பதால் அந்தத் தேதியை நான் சுவரில் கரியால் எழுதிவைத்திருப்பேன். கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, வீடு இரண்டு தடவை புயலில் கூரை பறந்து, அந்த அட்டை மட்டும் அலுமினியப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. பதினாறு வருஷம் கழித்து ஒரு கவர் வந்தது. செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸ். அலுவலக உதவியாளர் வேலை, நாலு இடம். எங்கள் ஆட்களுக்கு முப்பத்தைந்து வயசு வரைக்கும்தான் எடுப்பார்கள். அம்சாவுக்கு முப்பத்தி நாலு. ஆடி வந்தால் முடிந்தது. ஆக, இதுதான் முதல் கவர், இதுவேதான் கடைசிக் கவர்.

கவருக்குள் இருந்த காகிதத்தில், கடைசி வரியில், 'மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்' என்று போட்டிருந்தது. அம்சாவுக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் இருந்தது. வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் போய் இதை எடுத்தேன். நான் வேலை செய்யும் லாட்ஜுக்கு எதிர்க்கடை என்பதால் பாதி வாடகை. திரும்பி வரும் நாள் வரைக்கும் கணக்குப் போட்டு முன்னாடியே கட்டிவிட்டேன். அங்கே போனதும் 'உன் சைக்கிள் எங்கே' என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில்தான் சைக்கிளையும் கையோடு கொண்டுபோனது.

லாட்ஜில் தங்குகிறவர்கள் சாயந்திரமானால் பீர் பாட்டிலோடு உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதுவார்கள். ஏழு கடல் தாண்டி வந்தவர்கள், எழுதுகிறார்கள். நான் போனது முப்பது கிலோமீட்டர், அதுவும் ஆறாவதோடு நின்றவன். ஆனால் அந்த மூன்று நாளில் நான் பார்த்தது அவர்கள் கற்கோயிலில் பார்த்ததை விடக் குறைவில்லை என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

முதல் நாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் தலைக்கு மேலே சைக்கிள் உருள்கிற சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர்களில் ஒருவர் என்னிடம், "உங்கள் ஊரில் சைக்கிளும் கோயிலுக்குப் போகுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு லாட்ஜ் இங்கிலீஷ் தெரியும். "ஆபீசுக்குப் போகிறது" என்றேன். அவர் தலையை ஆட்டி நோட்டை எடுத்தார். என்ன எழுதினாரோ.

செங்கல்பட்டில் இறக்கிப் பார்த்தால், கூரையில் அதன் மேலேயே வைத்திருந்த நெத்திலிக் கூடையிலிருந்து வடிந்த தண்ணீர் முழுக்கச் சைக்கிள் சீட்டில் இறங்கியிருந்தது. துடைத்தேன். தண்ணீர் போனது, வாசனை போகவில்லை. "கடலையும் கூடவே கூட்டினு வந்துட்டோம்" என்றாள் அம்சா.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாஸ்தா. எங்கள் பக்கம் இட்லிக்கு மீன் குழம்பு ஊற்றுவார்கள். இங்கே சாம்பார்தான், ஆனால் என்ன சாம்பார்! வாளியோடு வந்து இலையில் குளம் கட்டிவிட்டுப் போனார் அந்த அண்ணன். அம்சா நாலு இட்லி சாப்பிட்டாள். நான் ஒன்றுக்கு மேல் முழுங்க முடியாமல் பிளாஸ்டிக் பையைத் திறந்து, ஒரிஜினல் இருக்கிறதா, ஜெராக்ஸ் இருக்கிறதா என்று ஏழாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் என்றால் எப்படி ஆபீஸ்! வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கதவே எங்கள் வீட்டை விட உயரம். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் கட்டுக் கட்டாக ஃபைல், ஒவ்வொன்றும் சிவப்பு நாடாவில் கட்டி, எல்லாவற்றிலும் ஒரு நம்பர். எத்தனை பேருடைய நிலமோ, சண்டையோ, சாவோ. ஒரு குமாஸ்தா ஏணி போட்டு ஏறி, கண்ணால் தேடாமலே கையை விட்டு ஒன்றை உருவினார். சரியாக அதேதான். நான் வாயைப் பிளந்து நின்றேன். வீட்டில் தீப்பெட்டி எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

வந்திருந்தவர்கள் இருபது பேர். ஒரு இடத்துக்கு அஞ்சு பேர் கணக்கு. அதில் ஒன்பது பெண்கள். எல்லார் கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பை, எல்லார் பையிலும் ஓரம் பழுத்துப்போன அதே அட்டை. எல்லாருமே பத்து, பதினைந்து வருஷம் காத்திருந்தவர்கள். அம்சாவுக்குப் பதினேழாம் நம்பர் கொடுத்தார்கள்.

சர்ட்டிபிகேட் சரிபார்த்த அம்மா, "வலது முழங்கையில் மச்சம்னு போட்டிருக்கு, காட்டும்மா" என்றார். அந்த மச்சத்தைப் பற்றி நான் இரண்டு நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பு வேலையில் தோல் கறுத்துப்போய், மச்சம் எது, தோல் எது என்று தெரியாமல் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாளே எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்க்கச் சொன்னேன். அம்சா கையை மடக்கிக் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்து, "கீது" என்று ஒரே வார்த்தை சொல்லி டிக் அடித்தார். எனக்கு உயிர் வந்தது.

அங்கே டவாலி ஒருவர் இருந்தார். குறுக்கே சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை, முழங்காலில் தைலத் துணி. அந்த ஆபீசில் இருந்த நாலு உதவியாளர்களும் ரிட்டயர் ஆகி, இவர் ஒருவர்தான் மிச்சம். இவருக்கும் மூட்டு வலி. அதனால் மூன்று மாசமாக உள்ளூர் தபால் எதுவும் வெளியே போகவில்லை. மேஜை மேல் பழுப்புக் கவர்கள் குவிந்து கிடந்ததை நானே பார்த்தேன்.

சாயந்திரம் ஆபீசர் வெளியே வந்து, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கவர் குவியலைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சூப்ரின்டென்டிடம் இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். எங்களுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். அவர் சொன்னது தமிழில் இதுதான்: "மைதானத்தில் சைக்கிளில் வட்டம் போடவைத்து என்ன பிரயோஜனம்? இருபது பேர், ஆளுக்கு ஒரு கவர். நாளைக்கு மத்தியானத்துக்குள் மேஜை காலி."

கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. என்ன மூளை! அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. எல்லாம் என் தப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு நாளும், அவள் விழுந்துவிடக் கூடாதே என்று, ஏறும்போது நான் பிடித்தேன், இறங்கும்போதும் நான்தான் பிடித்தேன். நடுவில் அவள் காற்றாகப் போவாள். ஆனால் தானாக ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. நீந்தத் தெரியும், ஆனால் கரையேறத் தெரியாது என்கிற மாதிரி.

அவளுடைய சித்தி மகள் வீட்டில் தங்கினோம். அம்சா படுத்ததும் தூங்கிவிட்டாள்.

இரண்டாம் நாள்.

டவாலி கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு உள்ளே பரீட்சைக்கு வந்தவர்கள் மட்டும். கூட வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே.

"கேட்டுக்கோங்க. கவர வாங்கினு போவணும். எந்த ஆபீஸ்னு மேல எழுதிகீது. அங்க குடுத்து, இந்த நோட்டுப் பொஸ்தகத்துல கையெழுத்து வாங்கினு வரணும். போன டைம், வந்த டைம் நான் போட்டுக்குவேன். நடுவுல டீ குடிக்கிறது, மாமியார் வூட்டுக்குப் போறது எல்லாம் வேணாம்."

ஆபீசில் இருந்தது இரண்டு சைக்கிள். இரண்டும் பார் வைத்த பெரிய வண்டி, எருமை மாதிரி. ஆண்கள் காலைத் தூக்கிப் போட்டு ஏறிப் போனார்கள். நாலாம் நம்பர் மதுராந்தகத்துக்காரி, பெயர் கஸ்தூரி. நெல் மண்டியில் மூட்டை எண்ணும் வேலை செய்கிறவள். குரலும் மண்டிக் குரல். அவள் பார் வண்டியைப் பார்த்தாள், தன் புடவையைப் பார்த்தாள், கடைசியில் எங்கள் பச்சைச் சைக்கிளைப் பார்த்தாள்.

"யக்கா, அது உன்னுதா? ஒரு தபா குடேன்."

நான் கேட்டுக்கு வெளியே இருந்து கம்பி வழியாக, "அம்சா, வேணாம்" என்று ஜாடை காட்டினேன். நாலே இடம். இருபது பேர். அந்தச் சைக்கிளை மீன் கூடைக்குக் கீழே போட்டு, லக்கேஜ் கட்டி நாங்கள் எதற்குக் கொண்டுவந்தோம்?

அம்சா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சும்மா கெடய்யா. அந்தப் பொண்ணு மட்டும் பதினாறு வருசம் காத்துகினு இல்லியா?" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக் கஸ்தூரி கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் நிற்கவே இல்லை. கஸ்தூரி போய் வந்தாள், ஆறாம் நம்பர் எடுத்தாள், பிறகு ஒன்பது, பத்து. டவாலி நோட்டில் 'அரசு வண்டி இரண்டு, தனியார் வண்டி ஒன்று' என்று தனியாகக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார். இறங்குகிற ஒவ்வொருத்தியும் மூக்கைச் சுருக்கிப் புடவையின் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தாள். "இன்னாக்கா, சைக்கிளா, மீன் மார்க்கெட்டா?" என்று ஒருத்தி கேட்க, "எங்க ஊர் செண்டு. காசு வாங்காம பூசி விடுறேன்" என்றாள் அம்சா.

நான் நினைத்துவந்தது வேறு. போட்டிக்கு வந்தவர்கள் ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இவர்களோ வந்தவள் போகிறவளுக்கு வழி சொல்கிறாள். "ரெயில்வே கேட்டாண்ட போவாத, சாத்திகீது, சுத்தினு போ." "அந்த ஆபீஸ்ல முன்னாடி கீறவன் கையெழுத்துப் போட மாட்டான், உள்ள கீற அம்மாவப் பாரு." ஒருத்தி கேட்டைத் தாண்டியதும் இறங்கி, போக வர வழி பூராவும் தள்ளிக்கொண்டே போய், திரும்பும்போது கேட்டுக்குப் பத்தடி முன்னால் ஏறி வந்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டவாலி காதில் விழாமல் இருக்காது. அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கஸ்தூரி பொட்டலத்தைப் பிரித்தாள். புளிசோறு, வறுத்த வேர்க்கடலை. கம்பி வழியாக எனக்கும் ஒரு கை நீட்டினாள். மதுராந்தகம் ஏரித் தண்ணீரில் விளைந்த அரிசி என்று பெருமையாகச் சொன்னாள். எங்கள் பக்கத்து மணலில் அந்த மாதிரிச் சோறு கனவில்தான் விளையும். முதல் நாள் ஒரு இட்லிக்கு மேல் இறங்காத எனக்கு அந்தச் சோறு இறங்கியது.

பதினாறாம் நம்பர் ஒல்லியான ஒரு பெண். அவளுக்கு அடுத்தது அம்சாதான். போனவள் வரவே இல்லை. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். கடைசியில் நடந்து வந்தாள். எங்கள் பச்சைச் சைக்கிள் அவள் தோளில் இருந்தது. பின்னால் வந்த ஆட்டோ ஒன்று இடித்து முன் சக்கரம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது. முழங்கை சிராய்த்து ரத்தம். அந்த உடம்பில், அவ்வளவு தூரம், அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சைக்கிளை இறக்கிவைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

அம்சா முதலில் கேட்டது, "கையெழுத்து வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்க்கா."

"அப்பறம் எதுக்கு அழுவுற? கண்ணத் தொடை."

"பதினேழு!" என்று டவாலி கூப்பிட்டார்.

நான் வளைந்த சக்கரத்தைப் பார்த்தேன். மிச்சமிருந்தது பார் வண்டி. அவள் அதைத் தொட்டதுகூட இல்லை. கவரில் எழுதியிருந்த இடமோ கொளவாய் ஏரிக்கு அந்தப் பக்கம், இருபதிலும் அதுதான் தூரம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், நான் உள்ள வந்து ஒரு கை புடிச்சிட்டுப் போயிடறேன் சார்" என்றேன்.

"நீ வேலைக்கு வந்தியா, அது வேலைக்கு வந்துச்சா?" என்றார் டவாலி.

அப்போது கஸ்தூரி எழுந்தாள். பதினாறாம் நம்பர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருத்தி ஹாண்டில் பாரைப் பிடித்தாள், ஒருத்தி காரியரை. கஸ்தூரி அம்சாவை நெல் மூட்டை மாதிரி இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தாள். தங்கள் பரீட்சை முடிந்துபோன பெண்கள், அம்சா தோற்றால் தங்களுக்கு லாபம் என்கிற பெண்கள்! டவாலி அந்த நேரம் பார்த்து சிவப்புப் பட்டையை அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். முகம் சுவர்ப் பக்கம்.

தள்ளிவிட்டார்கள். இரண்டு ஆட்டம் ஆடி, மூன்றாவது ஆட்டத்தில் நிமிர்ந்து, புடவைக் கொசுவம் பாருக்கு மேலே சுருண்டிருக்க, என்னைத் தாண்டி ரோட்டில் போனாள். என்னைப் பார்க்கவில்லை. நான் கூடவே ஓடாமல், யாரும் பிடிக்காமல் அவள் சைக்கிளில் போனதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

அடுத்த ஐம்பது நிமிஷம் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. லாரி, மாடு, ரெயில்வே கேட், ஏரிக்கரைச் சரிவு எல்லாம் ஒவ்வொன்றாக மனசில் வந்து போனது. கேட்டுக்கு முன்னால் போகவும் வரவுமாக இருந்தேன்.

"இன்னாய்யா, புள்ள பொறக்கப் போவுதா? உட்காருய்யா. உன்னப் பாத்து எனக்கு மூட்டு வலிக்குது" என்றார் டவாலி.

மணி சத்தம் கேட்டது. திருப்பத்திலிருந்தே அடித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை, வாயில் நோட்டுப் புத்தகத்தைக் கவ்வியிருந்தாள். கேட்டுக்குள் நுழைந்தாள். கோட்டைத் தாண்டினாள். நிற்கவில்லை. கொடிக் கம்பத்தைச் சுற்றி வந்தாள். மறுபடியும் சுற்றினாள். மணியை விடாமல் அடித்தாள். மூன்றாவது சுற்றில் ஆபீஸ் ஜன்னல் எல்லாம் திறந்தது. ஆபீசரே படியில் வந்து நின்றார்.

"போதும்மா. இறங்கு."

அம்சா புத்தகத்தை வாயிலிருந்து மடியில் போட்டாள். "எறங்கத் தெரியாது சார்!" என்று கத்திக்கொண்டே இன்னொரு சுற்று போனாள்.

பதினாறு வருஷமும் கொடிக் கம்பத்தைச் சுற்றி என் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

டவாலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். விறைப்பாக நின்றார். "சார். காயிதத்துல ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்னுதான் போட்டுகீது. எறங்கறதப் பத்தி ஒண்ணும் போடல."

ஆபீசர் அவரைப் பார்த்தார், அம்சாவைப் பார்த்தார். ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். சிரித்தாரா, கோபமா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பெண்கள் எல்லாரும் ஓடி, ஓடுகிற வண்டியை நாலு பக்கமும் பிடித்து நிறுத்தினார்கள். புத்தகத்தைப் பிரித்தால் கையெழுத்து இருந்தது, ரப்பர் ஸ்டாம்பும் இருந்தது.

"அங்க எப்படிடி எறங்கின?" என்று நான் அப்புறமாகக் கேட்டேன்.

"எறங்கவே இல்லியே. நேரா ஜன்னலாண்ட போயி கம்பியப் புடிச்சிகினேன். உள்ள கீறவரு பயந்துட்டாரு. கவர நீட்டினேன், கையெழுத்துப் போட்டாரு. அதே கம்பியத் தள்ளிகினு வந்துட்டேன்."

நான் கல்லை யானையாக்கின ஊரில் பிறந்தவன். பார்க்க வருகிறவர்கள் வாய் பிளந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவன். அந்த மாதிரி நான் நின்றது அன்றைக்குத்தான்.

சாயந்திரம் வளைந்த சக்கரத்தோடு ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் பாய், சக்கரத்தைக் கையில் எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கோட்டம் எடுக்க முடியாது. ரிம் மாத்தணும். நாப்பத்தஞ்சு ரூபா" என்றார். என்னிடம் இருந்தது திரும்பிப் போக பஸ் காசும், அடுத்த நாள் சாப்பாட்டுக் காசும்தான். பதினாறாம் நம்பர் பின்னாலேயே வந்து தன் சுருக்குப் பையை அவிழ்த்தாள். அம்சா அந்தக் கையை மடக்கி அனுப்பிவிட்டாள். பாய் எங்கள் பையைப் பார்த்தார். ஜெராக்ஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்டர்வியூக்கு வந்தீங்களா?"

"ஆமா பாய்."

"அப்ப இன்னா? ஆர்டர் வந்ததும் குடு" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

புது ரிம்மோடு கொளவாய் ஏரிக்கரைக்கு வந்தோம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் அலை. இது இத்தனை தண்ணீர், ஒரு சத்தம் இல்லாமல், ரெயில் போனால் அதன் பெட்டியெல்லாம் தலைகீழாகத் தெரிகிற மாதிரி கிடக்கிறது. நான் வழக்கம்போல சீட்டைப் பிடித்தேன்.

"கைய எடுய்யா" என்றாள்.

"விழுந்துடுவ."

"விழறேன். எடு."

எடுத்தேன். இரண்டு தடவை விழுந்தாள். நான் ஓடவில்லை. ஓடக் கூடாது என்று ஒரு மின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை தானே ஏறி, தூரமாகப் போய், திரும்பி வந்து, பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றாள்.

மூன்றாம் நாள்.

நேர்காணல் நாலு நிமிஷம். இந்த மாவட்டத்தில் எத்தனை ஏரி என்று கேட்டார்களாம். "எண்ணல சார், ஒண்ண மட்டும் சுத்தினேன்" என்றாளாம். ஆபீசர் கடைசியாக, "இறங்கக் கத்துக்கிட்டியா?" என்று கேட்டாராம். "நேத்து சாயந்திரமே சார்." அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்டர் தபாலில் வரும் என்று எல்லாரிடமும் சொல்லி அனுப்பினார்கள். டவாலியின் மேஜை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

கஸ்தூரி பஸ் ஏறும் முன் அம்சா கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு எடத்துல நம்ம ரெண்டு பேரும் வந்தா ஒரே வூடு எடுத்துக்கலாம்க்கா. உன் வூட்டுக்காரர வெளிய படுக்கப் போட்டுடலாம்" என்றாள். அந்த மண்டிக் குரலைக் கேட்டு பஸ் ஸ்டாண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஆர்டர் வரவில்லை. ஒரு மாசம் கழித்துப் போய் விசாரித்தேன். சர்க்காரில் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவைத்துவிட்டார்களாம். யார் பெயரையும் அறிவிக்கவில்லை. "ஃபைல் மேல போய்கீது. கீழ வரும்போது வரும்" என்றார் டவாலி. ஆடி வந்தது. அம்சாவுக்கு முப்பத்தைந்து முடிந்தது. "இன்டர்வியூக்குப் போன தேதிலதான் வயசு பாப்பாங்க" என்று அவள் அடித்துச் சொல்கிறாள். கஸ்தூரியும் கடிதத்தில் அதையே எழுதியிருந்தாள். சரியோ தப்போ, எனக்குத் தெரியவில்லை.

லாட்ஜில் சீசன் வந்து கையில் கொஞ்சம் காசு புரண்டபோது, பாய் கடைக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நாற்பத்தைந்து ரூபாயை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது. அம்சா பார்த்துவிட்டாள்.

"எங்க?"

"பாய்க்குக் குடுத்துட்டு வந்துடறேன்."

"ஆர்டர் வந்ததும் குடுன்னுதான அவரு சொன்னாரு?"

"வரலியே."

"இப்பவே குடுத்தா, வராதுன்னு நாமளே எழுதிக் குடுத்தா மாதிரி ஆவாதா? வெய்யி உள்ள."

வைத்துவிட்டேன். போன வாரம் லாட்ஜுக்குச் சாமான் வாங்க செங்கல்பட்டு போனபோது அந்தக் கடை வழியாகத்தான் நடந்தேன். தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன். பாய் பார்த்துவிட்டார். காசைப் பற்றிக் கேட்கவில்லை.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல பாய்."

"வரும், வரும். அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்க்கக் குனிந்துகொண்டார்.

அவருக்கு நாங்கள் தர வேண்டியது நாற்பத்தைந்து ரூபாய்.